இருபத்தெட்டாவது பொந்து

செம்பி என்ற மலை அணில் தினமும் விடிந்ததும் மருதமரத்துப் பொந்துகளை எண்ணும். கீழிருந்து மேலாக ஒரு முறை, மேலிருந்து கீழாக ஒரு முறை. இரண்டு முறையும் இருபத்தெட்டு வரும். நேற்றும் இருபத்தெட்டுதான், போன வருடமும் இருபத்தெட்டுதான். ஆனாலும் எண்ணி முடிக்காமல் அது ஒரு பழத்தைக்கூட வாயில் வைக்காது.

அந்த மருதமரம் ஆற்றங்கரையில் நின்றது. ஆறு காட்டை இரண்டாகப் பிளந்துகொண்டு ஓடியது. இரு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவில் பாய்ச்சல் தண்ணீர். யானைகூட இறங்கத் தயங்கும். இக்கரையில் இருப்பவர் அக்கரைக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் ஒரே வழிதான் உண்டு. மருதமரத்தடிக்கு வந்து செம்பியிடம் சொல்ல வேண்டும். செம்பி அந்தச் சொல்லை ஒரு தகைவிலான் குருவியிடம் ஒப்படைத்து, காலியாக இருக்கும் ஒரு பொந்திலிருந்து பறக்க விடும். குருவி அக்கரைக்குப் போய்ச் சொல்லிவிட்டு, பதிலை வாங்கிக்கொண்டு அதே பொந்துக்குத் திரும்பி வரும்.

தகைவிலான் குருவிகளுக்குச் சொல் அப்படியே நினைவிருக்கும். சொன்னவர் யார் என்பது நினைவில் நிற்காது. புறப்பட்ட பொந்து ஒன்றுதான் அவற்றுக்குத் தெரியும். ஆகவே எந்தச் சொல்லும் மருதமரத்தின் பெயரிலேயே போகும். 'மருதமரம் கேட்கிறது, உங்கள் பக்கம் நெல்லி பழுத்ததா?' என்றுதான் குருவி சொல்லும். கேட்டது முயலா கரடியா என்று அக்கரைக்குத் தெரியாது. வந்த பதில் யாருக்கு உரியது என்று பிரித்துக் கொடுப்பது செம்பியின் பாடு.

அதற்கு அது ஒரு வழி வைத்திருந்தது. ஒரு கிளைக் கவட்டில் இருபத்தெட்டுக் குன்றிமணிகளைச் சேர்த்து வைத்திருந்தது. ஒரு பொந்திலிருந்து குருவி புறப்பட்டால் அதன் வாசலில் ஒரு மணியை வைக்கும். பக்கத்தில் கேட்டவருடைய அடையாளம் ஒன்றையும் வைக்கும். முயலுக்கு ஒரு புல், கரடிக்கு ஒரு கறுப்பு மயிர். பதில் வரும் வரை அந்தப் பொந்தில் வேறு யாருடைய குருவியும் கால் வைக்கக் கூடாது.

பதில் வந்த பிறகும் செம்பி மணியை உடனே எடுத்துவிடாது. மரத்தின் நிழல் ஒரு சாண் நகரும் வரை பொந்தைச் சும்மா விட்டு வைக்கும். அக்கரைக்காரர்கள் ஒரு குருவியை அனுப்பிய பிறகு, 'அடடா, இதைச் சொல்ல மறந்துவிட்டோமே' என்று இன்னொரு குருவியைப் பின்னாலேயே அனுப்புவதுண்டு. அது முன்னது போன தடத்திலேயே பறந்து அதே பொந்துக்கு வரும்.

ஒரே ஒரு தடவை செம்பி அவசரப்பட்டுவிட்டது. முயலுக்குப் பதில் வந்த பொந்தை அப்போதே முள்ளம்பன்றிக்குக் கொடுத்துவிட்டது. முயலுக்காகப் பின்னால் வந்த சொல், முள்ளம்பன்றியின் காதில் விழுந்தது. 'எனக்கு உன்மேல் கோபமே இல்லை. கரைக்கு வந்து நில், உன் முகத்தையாவது பார்க்கிறேன்' என்பது அந்தச் சொல். கிழங்கு விளைச்சலைப் பற்றிக் கேட்டிருந்த முள்ளம்பன்றி, முள்ளையெல்லாம் படிய வாரிக்கொண்டு நான்கு நாள் கரையில் போய் நின்றது. அதை நினைத்தால் செம்பிக்கு இன்றும் காது சூடாகும். அன்றிலிருந்து ஒரு சாண் என்றால் ஒரு சாண்தான்.

எல்லாப் பொந்தும் நிறைந்துவிட்டால் செம்பி உச்சிக் கிளையில் உட்கார்ந்து தன் பெரிய சிவப்பு வாலைத் தூக்கிக் காட்டும். இடமில்லை என்று அதற்கு அர்த்தம். அக்கரையிலிருந்து புதுச் சொல் கொண்டுவரும் குருவிகளும் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். பொந்தில் காலூன்றாத குருவி வாய் திறப்பதில்லை. அதனால் திரும்பிப் போனது என்ன சொல்லென்று செம்பிக்குத் தெரியாது. எத்தனை போயின என்பது மட்டும் தெரியும். அதை எண்ணி வைத்துக்கொள்ளும்.

இப்படிக் கணக்காக இருந்த செம்பி ஒரு கணக்கை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அது இருபத்தெட்டாவது பொந்தின் கணக்கு.

மலை அணில்கள் தரையில் இறங்குவதில்லை. கிளைவிட்டுக் கிளை தாவித்தான் எங்கும் போகும். இரண்டு மழைக்காலத்துக்கு முன்பு ஆற்றின் குறுகலான இடத்தில் ஒரு வேங்கைமரம் அக்கரை வரை சாய்ந்து நின்றது. செம்பியின் மகள் அரும்பி அதன் வழியாக ஒரு நாள் அக்கரைக்கு அத்திப்பழம் தின்னப் போனது. அன்று மத்தியானம் அடித்த காற்றில் வேங்கை வேரோடு சாய்ந்து ஆற்றோடு போய்விட்டது. அரும்பி அந்தப் பக்கம், செம்பி இந்தப் பக்கம்.

செம்பி அன்றே இருபத்தெட்டாவது பொந்திலிருந்து ஒரு குருவியை அனுப்பியது. 'அரும்பி என்ற மலை அணில் அங்கே இருக்கிறதா?' என்று கேட்டது. வாசலில் ஒரு குன்றிமணி, பக்கத்தில் தன் வாலிலிருந்து இரண்டு மயிர்.

குருவி திரும்பவில்லை. மறுநாளும் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை.

இன்னொரு குருவியை அனுப்பியிருக்கலாம். ஆனால், பதில் வராமல் இரண்டாம் முறை கேட்கக் கூடாது என்று மற்றவர்களுக்கெல்லாம் சட்டம் வைத்ததே செம்பிதான். தனக்கென்று வந்தபோது அதை மீற அதற்குக் கூச்சமாக இருந்தது. ஆகவே காத்திருந்தது. தினமும் சாயங்காலம் அந்தப் பொந்தின் வாசலைத் துடைக்கும். உள்ளே காதை வைத்துக் கேட்கும். காற்று மட்டும் ஊதும். பிறகு மற்றப் பொந்துகளுக்குப் போய்விடும்.

அந்த வருடம் ஐப்பசி மழை நின்று பெய்தது. மழை வந்தால் எல்லாருக்கும் அக்கரை நினைவு வந்துவிடும். மருதமரத்தடியில் காலையிலிருந்தே வரிசை நிற்கும்.

எல்லாரையும்விட அதிகமாக வந்தது வாலன் என்ற கருமந்தி. வேங்கைமரம் நின்ற காலத்தில் அக்கரையில் பெண் எடுத்தது அது. மாமியாரின் நலம் கேட்க ஒரு குருவி, மாமனாரின் முதுகுவலி எப்படியிருக்கிறது என்று கேட்க ஒரு குருவி, மச்சினிக்கு ஒன்று, மச்சினியின் குட்டிக்குப் பல் முளைத்ததா என்று கேட்க ஒன்று. இப்படியே ஒரு காலையில் பதினொரு பொந்துகளைப் பிடித்துக்கொண்டது.

"எல்லாரும் ஒரே மரத்தில்தானே இருக்கிறார்கள், வாலா? ஒரே பொந்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லி அனுப்பக் கூடாதா?" என்று செம்பி மெல்லக் கேட்டது.

"அதெப்படி அக்கா! மாமியாருக்குப் போன குருவியே மச்சினிக்கும் போனால் நாளைக்கு என்னை மதிப்பார்களா? ஆளுக்கொரு பொந்து. அதுதான் மரியாதை."

செம்பி வாயாடத் தெரியாதது. பதினொரு மணிகளை வைத்தது. பதினொரு கருமந்தி மயிரையும் வைத்தது.

பொந்துகளைக் குடைந்து கொடுத்த மரங்கொத்தி தச்சன் அடுத்த கிளையில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. வேண்டுமானால் இன்னும் பத்துப் பொந்து குத்தித் தருவதாகச் சொன்னது. செம்பி அடிமரத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டு வேண்டாம் என்றது. போன காற்றிலேயே மரம் முனகியிருந்தது. இன்னொரு பொந்து குத்தினால் மரமே இராது.

"சரி, குத்தவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், செம்பி. அந்த இருபத்தெட்டாவதில் யாருடைய குருவி? இரண்டு மழையாக அதில் ஓர் இறகைக்கூட நான் பார்க்கவில்லையே."

செம்பி சரியாக இருந்த ஒரு மணியை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தது.

அந்த மாதத்தில் வாலைத் தூக்காத நாளே இல்லை. ஒரு நாள் அக்கரையிலிருந்து ஒரு குருவி நனைந்துகொண்டு வந்தது. மரத்தை மூன்று சுற்றுச் சுற்றியது. செம்பி வாலைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தது. குருவி போய்விட்டது. 'இன்று திருப்பி அனுப்பியது நான்கு' என்று செம்பி எண்ணி வைத்துக்கொண்டது.

மறுநாள் மத்தியானம் மழை கொஞ்சம் விட்டு இளவெயில் அடித்தது. அப்போது நாச்சி என்ற பெண் மிளாமான் மலைச்சரிவில் உருளாத குறையாக ஓடி வந்தது. கழுத்து வரை சேறு. வரிசையில் நின்ற ஐந்து பேரும் விலகி வழிவிட்டார்கள்.

நாச்சி மூச்சிரைக்கச் சொன்னது இதுதான். மேலே மலையில் மண் சரிந்து ஓடையை அடைத்துக்கொண்டிருக்கிறது. பின்னால் தண்ணீர் ஏரி போல நிற்கிறது. மண் கசியத் தொடங்கிவிட்டது. பொழுது சாய்வதற்குள் உடையும். உடைந்தால் அக்கரைத் தாழ்வில் இருக்கும் புல்வெளியில்தான் பாயும். அங்கே அதன் தங்கையும் கூட்டமும் மேய்கிறார்கள், மொத்தம் நாற்பத்தொரு பேர். அங்கிருந்து பார்த்தால் மலையில் நடப்பது தெரியாது.

"ஒரே ஒரு பொந்து, அக்கா. மேட்டுக்கு ஏறச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்" என்றது நாச்சி.

செம்பி கவட்டைப் பார்த்தது. அங்கே ஒரு மணிகூட இல்லை. இருந்தாலும் வழக்கம்போல எண்ணியது. வாலனுடையது பதினொன்று. மற்றவர்களுடையது பதின்மூன்று. பதில் வந்து, சாண் நிழல் நகரக் காத்திருப்பது மூன்று. ஆக இருபத்தேழு. இன்னொன்று.

வாலன் தலையைச் சொறிந்தது. "என் குருவிகளில் ஒன்றாவது வந்திருக்க வேண்டும். ஆனால் என் மாமியார் பதில் சொல்லத் தொடங்கினால்..." என்று இழுத்தது.

"சும்மா கிடக்கும் அந்த மூன்றில் ஒன்றைக் கொடு. நிழலாவது, சாணாவது!" என்றது தச்சன்.

செம்பி மூன்று பொந்துகளையும் பார்த்தது. கொடுக்கலாம்தான். ஆனால் முன்பு அதில் கேட்ட காட்டுப்பன்றிக்காகப் பின்னால் வரும் ஒரு சொல், 'எல்லாரும் சுகம், கவலைப்பட வேண்டாம்' என்று அந்தப் பொந்தில் வந்து இறங்கினால்? நாச்சி அதைத் தன் கூட்டத்தின் பதில் என்று நம்பி நிம்மதியாகப் படுத்துவிடும். அங்கே தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும். முள்ளம்பன்றி நான்கு நாள்தான் கரையில் நின்றது. இது அப்படிப்பட்டதல்ல.

அது மேலே ஏறி இருபத்தெட்டாவது பொந்தின் முன்னால் போய் உட்கார்ந்தது.

மணி வாசலில் இருந்தது. இரண்டு வருடத்துப் பிசின் அதைச் சுற்றி இறுகியிருந்தது. பட்டையும் கொஞ்சம் வளர்ந்து அதை மூடத் தொடங்கியிருந்தது. செம்பி அதைத் தொட்டது. இதை எடுத்தால் அரும்பி இல்லை என்று தன் கையாலேயே சொன்னதாக ஆகிவிடுமே என்று அதற்குத் தோன்றியது. எடுத்த பிறகு அந்தக் குருவி வந்தால்? இத்தனை நாள் கழித்து, இன்றைக்கென்று பார்த்து வந்தால்?

கீழே நாச்சி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"அக்கரையில் உன் தங்கை இருக்கிறாள் என்று உனக்குத் தெரியும். இல்லையா, நாச்சி?" என்று செம்பி கேட்டது.

"தெரியும், அக்கா. நேற்றுகூடப் பதில் வந்தது."

"அப்படியானால் இந்தப் பொந்து உனக்கு" என்றது செம்பி.

மணி கையோடு வரவில்லை. பல்லால் பிசினைக் கடித்துப் பெயர்க்க வேண்டியிருந்தது. மணி கழன்றபோது பட்டையில் ஒரு சிறு குழி தெரிந்தது. தன் வால் மயிர் இரண்டையும் எடுத்து ஊதிவிட்டது. நாச்சியின் பிடரியிலிருந்து ஒரு மயிரை வாங்கி வைத்தது. பிறகு குருவியை அழைத்து, நாச்சி சொன்ன சொல்லை இரண்டு முறை சொல்லி, பறக்க விட்டது.

குருவி ஆற்றைத் தாண்டி ஒரு புள்ளியாகி மறைந்தது. எல்லாரும் மரத்தடியிலேயே நின்றார்கள்.

வெயில் சாயத் தொடங்கியபோது குருவி வந்து இருபத்தெட்டாவது பொந்தில் காலூன்றியது. 'மருதமரத்துக்குச் சொல். நாற்பத்தொரு பேரும் மேட்டுக்கு ஏறிவிட்டோம். பால் குடிக்கும் குட்டிகளைக்கூட விடவில்லை.'

நாச்சி அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டது. அது எழுந்திருப்பதற்குள் மலையிலிருந்து ஓர் இரைச்சல் வந்தது. அக்கரைப் புல்வெளி ஒரே செம்மண் தண்ணீராக மாறியது. மருதமரம் வேர் வரை அதிர்ந்தது.

வாலன் செம்பியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. "என் குருவிகள் திரும்பியதும் பத்துப் பொந்தை எடுத்துக்கொள்ளுங்கள், அக்கா. ஒன்று போதும். அதிலேயே மாமியாருக்கு முதலில், மச்சினிக்குப் பிறகு, வரிசையாகச் சொல்லிக்கொள்கிறேன். கேட்கிற கேள்வியும் பாதி தேவையில்லாததுதான்" என்றது.

வரிசையில் முதலில் நின்ற மரநாய் இருபத்தெட்டாவது பொந்தைக் காட்டி, அது இப்போது காலிதானே, பொழுது இருக்கும்போதே தனக்குக் கொடுக்கலாமே என்று கேட்டது. செம்பி மரத்தின் நிழலைக் காட்டியது. ஒரு சாண் நகரவில்லை. இப்படிப்பட்ட நாளிலுமா என்று மரநாய் முணுமுணுத்தது. இப்படிப்பட்ட நாளிலும்தான் என்றது செம்பி.

நிழல் இன்னும் ஒரு விரல்கடை நகர வேண்டியிருந்தது. அப்போது அக்கரையிலிருந்து இன்னொரு குருவி வந்தது. முன்னது வந்த தடத்திலேயே வந்து, இருபத்தெட்டாவது பொந்தில் இறங்கியது.

நாச்சி பதறி எழுந்தது. ஆனால் குருவி வேறொன்றைச் சொன்னது.

'மருதமரத்துக்கு இன்னொரு சொல். மறந்துவிட்டோம். நாங்கள் ஏறி நிற்கும் மேட்டில் ஓர் அத்திமரம் இருக்கிறது. அதில் ஒரு மலை அணில் இருக்கிறது. எங்கள் குருவி மருதமரத்துக்குப் போகிறது என்று தெரிந்ததும் வழக்கமாக இறங்காத கிளைவரை இறங்கி வந்து கேட்டது. இந்த மழையில்தான் அது இந்த மேட்டுக்கு வந்ததாம், வந்த பிறகு மூன்று முறை உங்களுக்குக் குருவி அனுப்பியதாம். மூன்று முறையும் இடமில்லை என்று திரும்பிவிட்டதாம். மரத்தின் உச்சியில் ஒரு சிவப்பு வால் தூக்கியிருந்தது என்று மட்டும் குருவிகள் சொல்லினவாம். அந்த வாலின் நுனி வெள்ளையா என்று அது கேட்கிறது.'

எல்லாருடைய கண்களும் செம்பியின் வாலுக்குப் போயின.

செம்பி தன் வாலை முன்னால் இழுத்துப் பார்த்தது. அதன் நுனி வெள்ளைதான். பிறந்ததிலிருந்தே வெள்ளை. மகளுக்காக அது இரண்டு வருடம் ஒரு பொந்தைக் காத்தது. மகளுடைய சொல் மூன்று முறை அந்தப் பொந்தின் முன்னால் வந்து நின்றது. மூன்று முறையும் வாலைத் தூக்கித் துரத்தியது அதே செம்பிதான். மழையில் நனைந்துகொண்டு மூன்று சுற்றுச் சுற்றிய குருவி அதன் கண்முன் வந்தது. அன்று திருப்பி அனுப்பியது நான்கு. அந்த நான்கில் ஒன்று.

"இப்போதே பதில் சொல்லி அனுப்புங்கள், அக்கா. நிழலும் நகர்ந்துவிட்டது" என்றது நாச்சி.

"எனக்கு முன்னால் ஐந்து பேர் இருக்கிறார்கள்" என்றது செம்பி. குரல் உடைந்திருந்தது. ஆனால் எண்ணிக்கை தவறவில்லை.

ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மரநாய்தான் முதலில் நகர்ந்தது. முணுமுணுத்துக்கொண்டே போய் வரிசையின் கடைசியில் நின்றது. பின்னால் நின்ற நான்கு பேரும் அதன் பின்னால் போய் நின்றார்கள். இப்போது வரிசையின் முன்னால் யாரும் இல்லை.

"பெரிய கணக்குக்காரி. இப்போது எண்ணிச் சொல். உனக்கு முன்னால் எத்தனை பேர்?" என்றது தச்சன்.

செம்பி எண்ணிப் பார்த்தது. பிறகு ஒரு குருவியை அழைத்தது. நீளமாக என்னென்னவோ சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. இரண்டு வருடச் சொல் நெஞ்சில் நின்றது. ஆனால் வெயில் போய்க்கொண்டிருந்தது, பின்னால் ஐந்து பேர் நின்றார்கள். ஆகவே இரண்டே சொல் சொல்லி அனுப்பியது.

'நுனி வெள்ளைதான்.'

மறுநாளிலிருந்து மருதமரத்தில் புதுச் சட்டம் வந்தது. ஓர் இடத்துக்கு எத்தனை சொல் போனாலும் பொந்து ஒன்றுதான். மூன்று நாள் பதில் வராத பொந்தின் மணியை எடுத்துவிட வேண்டும். வேண்டியவர் மறுபடி வரிசையில் வந்து கேட்டுக்கொள்ளலாம். பதில் வந்த பொந்துக்கு ஒரு சாண் ஓய்வு மட்டும் மாறவில்லை. எல்லாருக்கும் இதுதான் சட்டம், காவல் காப்பவருக்கும் சேர்த்து. பட்டையில் இருந்த குழியில் பிசின் மறுபடி கசிந்து ஆறத் தொடங்கியது. செம்பி அன்று பொந்துகளை எண்ண மறந்துபோய், விடியும் முன்பே உச்சிக் கிளையில் போய் உட்கார்ந்து, வாலைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஏக்கத்தை நெஞ்சில் எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். பொது வாசலில் வைத்து அடைத்தால், நாம் யாருக்காகக் காத்திருக்கிறோமோ அவருக்கும் அந்த வாசல் அடைபட்டுப் போகும்.